ஒன்றையொன்று கைகாட்டிய இரண்டு பக்கங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

எழில்மதி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? கரியாலூரில் மழை உண்டா?

சென்னையில் என் வேலை, இணையத்தில் பலர் சேர்ந்து எழுதும் இயற்கணித வடிவியல் என்ற கணக்குப் பிரிவின் தொகுப்பைச் சரிபார்ப்பது. கணக்கு எனக்குப் புரியாது. ஒவ்வொரு தேற்றத்துக்கும் ஓர் எண் உண்டு. நிரூபணத்தில் சொன்ன எண் சரியான பக்கத்துக்குப் போகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

போன வாரம் ஒரு நிரூபணம் வேறொரு பக்கத்தைப் பார்க்கச் சொன்னது. அந்தப் பக்கமோ முதல் பக்கத்தையே பார்க்கச் சொன்னது. சாதிச் சான்றிதழுக்கு இரண்டு ஆபீஸிலும், "அங்க போய் வாங்கினு வாம்மா" என்று நம்மை மாறிமாறி அனுப்பினார்களே, அதேதான். அதனால்தானே ஹாஸ்டலில் இடமில்லாமல் ஒன்பதாவதோடு நின்றேன்.

மேற்பார்வையாளர் ஜெயசுதா அக்கா நம் மாவட்டத்துக் களமருதூர்க்காரர். அவரிடம் சொன்னேன்.

"எழுதினவங்கல்லாம் புரொபசருங்க. உனக்கு இன்னாடி தெரியும்?" என்று சிரித்தார்.

ஆனாலும் இரண்டு எண்களையும் அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும் கருத்துப் பெட்டியில் எழுதி அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. தவறுதானாம், நிரூபணத்தை மாற்றி எழுதுகிறார்கள். உதவியவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. அக்கா டீ வாங்கித் தந்தார்.

டிரங்குப் பெட்டியில் இருக்கும் என் டி.சி.யைத் தபாலில் அனுப்பு. தனித்தேர்வராகப் பத்தாவது எழுதப் போகிறேன். கூடவே நீ உடுத்திய பழைய சேலை ஒன்று வை, தலையணைக்கு உறை இல்லை.

பொங்கலுக்கு வந்ததும் சான்றிதழுக்கு மறுபடி மனு கொடுப்போம். இந்த முறை இரண்டு ஆபீஸும் சொன்னதை ஒரே தாளில் எழுதிக்கொண்டு, நானே பேசுகிறேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உன் மகள்,
எழில்மதி