மேலே பழைய பாத்திரம்தான்

ஜூன் 4

சின்னவளுக்குப் பெரியவள் எழுதுவது,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். நீங்கள் சாமான் ஏற்றிக்கொண்டு சர்க்கார் கொடுத்த புது மாடிவீட்டுக்குப் போன மறுநாளே நம் அறையை இடித்துவிட்டார்கள். ஆள் கணக்கில் நான் வராததால் எனக்கு இடம் கிடையாதாம். இன்னும் இடிக்காத எதிர் வரிசையில் ஆஸ்பத்திரி ஆயாவோடு இருக்கிறேன். அவளுக்கு ராத்திரி வேலை. அவள் எழுந்த பாயில் நான், நான் எழுந்த பாயில் அவள். பாய்க்குச் சூடு ஆறுவதே இல்லை. கக்கூஸ் கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை. ஒரு கை கதவுக்குத்தான். கொழுந்தனுக்கு இருமல் தேவலையா?

உன் ஓரகத்தி

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அவருக்கு இருமல் குறைந்திருக்கிறது. இங்கே ஜன்னல் இருக்கிறது அல்லவா. குழாய் வீட்டுக்குள்ளேயே. பிள்ளைகளுக்குத்தான் இடம் அதிகமாகித் தூக்கம் வரவில்லை. என்மேல் காலைப் போட்டால்தான் கண்ணை மூடுகிறார்கள்.

என்மேல் கோபப்படாதீர்கள். யாராவது தலை எண்ண வந்தால் பரணில் ஏறிக்கொள்வது நீங்கள் பழக்கிய பழக்கம்தானே? ஓனர் தலைக்கு இவ்வளவு என்று வாடகை ஏற்றுவானே. அன்றைக்குக் கணக்கெடுக்க வந்தவரையும் ஓனரின் ஆள் என்று நினைத்துவிட்டேன்.

உங்கள் தங்கை

ஜூன் 23

சின்னவளே,

ஓனரின் ஆள் என்றைக்கு நம் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தான்? வந்தவர் குடித்தார். கழுத்தில் அட்டை தொங்கியது, பரண் பலகை இடுக்கில் பார்த்தேன். “எல்லாரையும் சொல்லும்மா, விட்டுப்போனா அப்புறம் இடம் கிடைக்காது” என்றார். மேலே யாராவது உண்டா என்றும் கேட்டார். நீயே என்னைக் கூப்பிடுவாய் என்று இருந்தேன். நீ சொன்னாய்: “மேலே பழைய பாத்திரம்தான் சார்.”

அந்தக் குரல்கூட மறக்கவில்லை. உன் இரண்டு பிள்ளைகளையும் இடுப்பில் சுமந்தவள் நான். போகட்டும். அங்கே உள்ளவர்களிடம் இவர் எங்கள் வீட்டு ஆள் என்று நீ சொல்வதானால் வருகிறேன்.

பெரியவள்

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளைகள் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவசியம் வாருங்கள். ஒன்றே ஒன்றுதான். இங்கே சர்க்கார் ஆள் ஒருவர் அவ்வப்போது வந்து பார்ப்பார். கணக்கில் இல்லாத ஆள் இருந்தால் வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்களாம். அவர் வரும்போது மட்டும் குளியலறைக்குள் சற்று நின்றுகொண்டால் போதும். உங்களுக்குத் தெரியாததா?

உங்கள் தங்கை

ஜூலை 9

சின்னவளுக்கு,

நேற்று ஆயா வீட்டுக்கு ஓனர் வந்தான். நான் பழக்கதோஷத்தில் பரண் ஏணியில் கால் வைத்தேன். ஆயா என் முந்தானையைப் பிடித்து இழுத்து வாசலிலேயே உட்காரவைத்தாள். யார் இது என்று அவன் கேட்கவில்லை, இவளாகவே சொன்னாள்: “எங்கம்மா. இங்கதான் இருக்காங்க. வாடகை ஏத்துறதுன்னா ஏத்திக்கோ.”

ஏற்றிவிட்டுத்தான் போனான். அவள் பாயை உதறிப் படுத்துக்கொண்டாள்.

நான் வரவில்லை. பிள்ளைகளிடம் ஏதாவது சொல்லிக்கொள், உனக்குச் சொல்லத் தெரியும்.

அறையை இடிக்கும் முன் மேலே ஏறிப் பார்த்தேன். நீ சொன்ன பாத்திரம் ஒன்றுகூட இல்லை. என் தலையணைதான் கிடந்தது.

பெரியவள்