அம்மன் ஏன் டேங்க் முனையிலேயே திரும்புகிறாள்?

என் அம்சா அக்காவுக்கு, வாய் ஓயாத இந்தத் தெற்கத்திக்காரியின் வணக்கம்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு ஞாயிற்றுக்கிழமை பாட்டு வகுப்பை நான்தான் இழுத்துக்கொண்டு போகிறேன். அதே மாரியம்மன் கோயில் மண்டபம், அதே பிள்ளைகள். பாடுவதைவிடக் கேள்வி கேட்பதில்தான் கெட்டி. என்னிடம் படித்தால் வேறு எப்படி இருப்பார்கள்?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்காவின் ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது. ஊராருக்கு நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, முத்தாண்டிக்குப்பம் போகிற பக்கம் மாற்றிடம் கொடுத்தார்கள். அம்மனையும் கையோடு கொண்டு வந்தார்கள். முன்னால் ஊர்த்தெரு, பின்னால் அக்காவின் காலனித்தெரு, பழைய வரிசை அப்படியே. நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வீட்டுக்காரருக்கு மைன்ஸில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த அக்காவின் பாட்டைக் கேட்டுத்தான் இந்த வகுப்புக்கே வந்து ஒட்டிக்கொண்டேன்.

ஆடித் திருவிழாவில் அம்மன் ஊர்த்தெருவைச் சுற்றி வருவாள். இரண்டு தெருவும் சேருகிற தண்ணீர் டேங்க் முனையில் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு திரும்பிவிடுவாள். ஏன் என்று பிள்ளைகள் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அம்மா சுத்திக்கினு வந்த களைப்புல இங்க எளைப்பாறுது கண்ணு." அதைப் பிள்ளைகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பரீட்சை என்றால் அந்த முனையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். மார்கழியில் பெரிய கோலம் அங்கேதான். இந்த வருடம் இன்னும் ஒரு படி மேலே. "அங்க மேடை கட்டி டைல்ஸ் ஒட்டப்போறோம் மிஸ், பலகைக்கு நாலு வரி எழுதித் தாங்க" என்று வந்து நின்றார்கள்.

எழுதுவதென்றால் விசாரிக்க வேண்டாமா? உங்கள் தம்பி வீட்டுக்குப் போனேன்.

"எளைப்பாறுற எடமா? இன்னாங்க இது, புதுசா இருக்குது! யார் சொன்னாங்க?" என்று சிரித்தார்.

"அக்காதான்."

சிரிப்பு நின்றுபோயிற்று. "அக்காவா அப்படிச் சொல்லிக்கினு இருந்துச்சு?" என்று கேட்டார். பிறகு சொன்னார். "பழைய ஊர்ல சாமி திரும்பற எடம்தான் எல்லைங்க. அதுக்கு மேல சாமி வராது, அதுக்கு அந்தாண்ட நாங்க போவக் கூடாது. தேங்காயத் தரையில வெச்சிட்டுத் தள்ளி நிக்கணும். தண்ணி தெளிச்சுட்டுத்தான் பூசாரி எடுப்பாரு. துன்னூறு மேலருந்து வுழும், கை பட்டுடக் கூடாது பாருங்க. இங்க வந்தப்புறம் கோயிலுக்குள்ள போனோம், யாரும் ஒண்ணும் சொல்லல. சாமி திரும்பற எடம் மட்டும் எங்ககூடவே வந்துருச்சு."

அடக் கடவுளே! தள்ளி நிறுத்திய இடத்தையா இந்தப் பிள்ளைகள் தொட்டுக் கும்பிடுகிறார்கள்?

அன்றிலிருந்து உங்களோடு மனசுக்குள் சண்டைதான். தேங்காயை வைத்துவிட்டுத் தள்ளி நின்ற கூட்டத்தில் நீங்களும் இருந்திருப்பீர்கள், பாவாடை கட்டிய சின்னப் பெண்ணாக. உங்களுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் அக்கா? பிள்ளைகளைக் காப்பாற்றினீர்களா, அம்மனைக் காப்பாற்றினீர்களா? இல்லை, அந்தக் கதையை முதலில் உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்களா?

சும்மா இருப்பேனா நான்? என் அம்மாவுக்குப் போன் போட்டு, நம்மூர்ச் சப்பரம் எந்தத் தெரு வரைக்கும் போகும் என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப என்னத்துக்குட்டி உனக்கு? அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டாள். அங்கேயும் ஒரு முனை இருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

சொல்லலாமா வேண்டாமா என்று என்னை அரித்தது கயல்தான். உங்கள் தம்பி மகள், உங்கள் செல்லம். வருடா வருடம் டேங்க் முனையில் கண்ணை மூடிக்கொண்டு முதல் பாட்டைப் பாடுகிறவள். அவளுடைய பக்தி என் வாயால் உடைந்துபோனால்? ஆனால் நாளைக்கு வேறு யார் வாயிலாவது இதைக் கேட்டால், அவள் அம்மனையும் நம்ப மாட்டாள், உங்களையும் நம்ப மாட்டாள். எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

போன மாதம் வகுப்பில் சொல்லிவிட்டேன். தேங்காய், தண்ணீர், திருநீறு, எல்லாம். உங்கள் தம்பியிடம் கேட்டுக்கொண்டுதான் சொன்னேன். ஊர்த்தெரு தீபிகாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்ப எங்க தாத்தா எந்தப் பக்கம் நின்னிருப்பாரு மிஸ்?"

"சாமி பக்கம்தான்மா."

"அது தப்புன்னு அவருக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியல. நீ வீட்ல கேளு." வேறு என்ன சொல்வது? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

கயல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஞாயிறு வரவும் இல்லை. அந்த வாரம் முழுக்க அக்கா, நன்றாகச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளையைக் கெடுத்துவிட்டேனோ என்று அழுதேன்.

அதற்கடுத்த ஞாயிறு வந்தாள். உட்காரவில்லை. நேராக அம்மன் முன்னால் போய்ச் சண்டைக்காரியை முறைப்பதுபோல் நின்று பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"மேடை வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் மிஸ். நான் இந்த வருஷமும் பாடறேன். ஆனா டேங்க் முனையில இல்ல. எங்க தெருவுல, எங்க வூட்டு வாசல்ல நின்னுக்கினு பாடுவேன். அம்மனுக்குப் பாட்டு கேக்கணும்னா உள்ள வரட்டும்."

தீபிகா எழுந்து, "நானும் அங்கதான்" என்றாள்.

விழாக் குழுவிடம் போய்ப் பேசினேன். "பாக்கலாம்மா" என்கிறார்கள். அந்தப் ‘பாக்கலாம்’ எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்? அம்மன் வந்தாலும் சரி, திரும்பிப் போனாலும் சரி, நான் கயலுக்குப் பக்கத்தில் உங்கள் வாசலில் நின்று பாடுவேன். இது சத்தியம் அக்கா.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
பேச்சியம்மாள்