பார்லிக்காக ஒரு ஜூலை மழை

ஜூன் 6

குழந்தை ஐரினிக்குப் புதிதாக ஒரு வார்த்தை வந்திருக்கிறது. "தா." ரொட்டியைப் பார்த்தாலும் தா, வேலியில் வந்து உட்கார்ந்த வெள்ளைக் கொண்டைக்கிளியைப் பார்த்தாலும் தா. எங்கள் நாய் பார்லியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே தா. அவன் காதைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்கிறான், இவளை என்ன செய்யலாம் என்கிற மாதிரி.

சாமான் வாங்கப் போன இடத்தில் வெடிக் கடைக்குக் கம்பி நட்டுக்கொண்டிருந்தார்கள். ஜூலை ஒன்று. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் டார்வினில் எல்லோரும் வெடி வாங்கலாம், இருட்டினால் கொளுத்தலாம். வருஷம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு இருந்த ஊர் அந்த ஒரு ராத்திரியில் மொத்தத்தையும் தீர்த்துக்கொள்ளும்.

போன வருஷம் பார்லி சமையலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். ஜன்னலுக்குக் கீழேதான் ஐரினியைச் சாய்வுத் தொட்டிலில் போட்டிருந்தேன். ஒரு கண்ணாடித் துண்டு அவள் போர்வை மேல் கிடந்தது. அவள் மேல் ஒரு கீறல் இல்லை. ஆனால் அந்தத் துண்டு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. நாயை ரெண்டு நாள் கழித்து நகராட்சிக்காரர்கள் அலையாத்திக் காட்டுச் சேற்றிலிருந்து கொண்டுவந்தார்கள்.

என் கணவன் கெல்வின் அப்போதே சொல்லிவிட்டான். இன்னொரு தடவை இப்படி என்றால் பார்லி டூகலிடம் போகணும். டூகல் அவன் அண்ணன். கேத்தரின் ஊருக்கு அப்பால் மாட்டுப் பண்ணை. அங்கே காட்டுப் பன்றிக்கு எந்நேரமும் துப்பாக்கி வெடிக்கும். சத்தத்துக்கு நடுங்குகிற நாயை அங்கே எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? கெல்வினுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் நானும் சரி என்றேன்.

ஜூன் 9

நாய் டாக்டரிடம் போனேன். மெல்போர்னிலிருந்து புதிதாக வந்திருக்கிற பெண். அமைதிக்கு மாத்திரை கொடுத்தாள், முன்கூட்டியே ஒரு நாள் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். வெடிச் சத்தத்தைப் பதிவில் மெல்லப் போட்டுக்காட்டிப் பழக்கவும் சொன்னாள்.

போட்டேன். பார்லி போனை முகர்ந்து பார்த்தான். நக்கினான். தூங்கிப் போனான். சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். ஐரினி அழுதாள், பக்கத்து வீட்டு நோரீன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்ன ஆச்சு என்று கேட்டாள், அவன் எழுந்திருக்கவே இல்லை. போனுக்குள் இருக்கிற வெடிக்கு அவன் ஏன் பயப்படணும்?

ஜூன் 13

மாத்திரை கொடுத்தேன். கொடுத்திருக்கவே கூடாது.

கால் தள்ளாடியது. கண் திறந்தபடியே இருந்தது, ஆனால் உள்ளே அவன் இல்லை. ஐரினி வழக்கம்போலக் காதைப் பிடித்தாள் — உறுமினான். இவளைப் பார்த்து. முதல் தடவை. நான் பாய்ந்து தூக்கிவிட்டேன். அதற்குள் அவனே மிரண்டு சுவரோரம் போய்விட்டான்.

மருந்து செய்த வேலை. எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன?

கெல்வின் வந்ததும் சொன்னேன். சாப்பிடுகிற தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டான். டூகல் ஜூலை ஐந்தாம் தேதி டயர் வாங்க டார்வின் வருகிறாராம். வண்டியில் இடம் இருக்காம்.

"அந்த ராத்திரி எப்படிப் போகுதுன்னு பாக்கலாம்," என்றான். "ஆனா அவர்கிட்ட வேண்டாம்னு நான் சொல்லல, செவஸ்தி."

ஜூன் 14

மாத்திரையைக் குப்பையில் போட்டேன். எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன். திரும்பப் போட்டேன்.

ஜூன் 20

அப்பா வீட்டுக்குப் போனேன். எங்களுக்குப் பின் தெரு. இந்த வருஷமாவது வெடியைக் கடற்கரையில் போய்ப் போடக்கூடாதா என்று கேட்டேன். கேட்டது தப்பு. கலிம்னோஸ் தீவில் பிறந்தவரிடம் வெடியைக் குறைக்கச் சொல்வதும், மீன் சாப்பிடாதே என்பதும் ஒன்றுதான்.

"எங்க ஊர்ல ஈஸ்டருக்கு மலை உச்சியிலேர்ந்து போடுவோம். தீவே அதிரும். ஒரு ஆடு தலை தூக்கிப் பாக்காது. நீ வளக்குறது நாயா, கோழிக்குஞ்சா?"

அவனுக்குப் பயமாக இருக்கிறது அப்பா, என்றேன்.

"பயமாம் பயம். டிசம்பர்ல இடி விழுந்து உன் வீட்டுச் சுவர்ல மாட்டின படம் கீழ வந்துச்சே, அப்ப இவன் என் கால்மாட்டுல கொறட்டை விட்டுக்கிட்டுக் கிடந்தான். நடிக்கிறாம்மா. உன்னை நல்லா வெச்சு ஆட்டுறான்."

கோபத்தில் ஐரினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் வழி முழுக்க அவரைப் பார்த்துத் தா, தா என்று கை நீட்டினாள்.

ஜூன் 21

ஆனால் அப்பா சொன்னது நிஜம்தானே. பார்லிக்கு இடி என்றால் ஒன்றுமே இல்லை. ஏன்?

நாள் பூராவும் அதையே நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். மழைக்காலத்தில் நான் என்ன செய்கிறேன்? காற்று திரும்பும். தவளை கத்தும். கொடியில் இருக்கிற துணியை வாரிக்கொண்டு ஓடி வருவேன். வராந்தா மெத்தைகளை உள்ளே எறிவேன். அறை அறையாகப் போய் ஜன்னல் பட்டைகளைக் கைப்பிடி இழுத்து மூடுவேன். பார்லி ஒவ்வொரு அறைக்கும் என் குதிகாலை ஒட்டி வருவான், மேஸ்திரி மாதிரி. கடைசி ஜன்னல் மூடினதும் குளியலறை வாசலில் படுத்துவிடுவான். அதற்கப்புறம் வானம் இடிந்தாலும் அவனுக்கு என்ன? வேலை முடிந்தது.

வெடிக்கு முன்னால் யார் அவனுக்குச் சொல்கிறார்கள்? யாரும் இல்லை. தெளிந்த வானம், திறந்த ஜன்னல், டிவியில் கால்பந்து — டமார்.

எனக்குப் பைத்தியமா, அல்லது கண்டுபிடித்துவிட்டேனா? கெல்வினிடம் சொல்லவில்லை. சிரிப்பான்.

ஜூன் 22

ஒரு பொட்டு மேகம் இல்லாத பகல். கொடியில் போட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகாத ஈரத் துணியை வாரினேன். நோரீன் காபிக் கோப்பையோடு வேலியில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"எந்த மேகம் கண்ணு அது, உனக்கு மட்டும் தெரியுது?"

மழை வர்ற மாதிரி இருக்கு என்றேன். வேறு என்ன சொல்ல? ஏப்ரலுக்கு அப்புறம் ஒரு துளி இல்லை, தரை பிளந்து கிடக்கிறது.

பார்லி வராந்தாவுக்குப் போனான். வானத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திரும்பிப் போய்ப் படுத்துவிட்டான்.

ஒரு நாயைக்கூட ஏமாற்ற முடியவில்லை.

ஜூன் 24

வாசனை! மழைக்கு முதலில் வாசனை வருமே.

தோட்டக் குழாயை எடுத்துக் கீழே காய்ந்த மண்ணை நனைத்தேன். பிறகு படியில் நின்று தகரக் கூரை மேல் பீய்ச்சினேன். சடசடவென்று — சத்தம் அப்படியே ஜனவரி மழை. ஐரினி கையைத் தட்டினாள். பார்லி எழுந்தான். மூக்கைத் தூக்கினான். நான் துணியை வாரிக்கொண்டு ஓட, பின்னாலேயே வந்தான். சமையலறை, கூடம், எங்கள் அறை, குழந்தை அறை. கடைசிக் கைப்பிடி இழுத்ததும் குளியலறை வாசலில் தொப்பென்று விழுந்தான். பெருமூச்சு விட்டான்.

தலைமுடியெல்லாம் நனைந்து நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. இதற்கெல்லாமா அழுவார்கள்?

ஜூன் 27

கெல்வின் பார்த்துவிட்டான். சீக்கிரம் வந்துவிட்டான் இன்று. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, வீடு இழுத்து மூடிக் கிடக்கிறது, உள்ளே நாங்கள் மூன்று பேர். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"ஜூலைல மழை பெய்ய வைக்கப் போறே," என்றான். "சரி."

அந்த "சரி" எந்த சரி என்று மணிக்கணக்காக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 30

கெல்வின் ஏணி போட்டு ஏறித் தண்ணீர் தெளிப்பானைக் கூரையில் கட்டினான். நாளைக்கு அவனுக்கு மின்சார வேலை, எந்நேரமும் கூப்பிடுவார்கள். ராக்கெட் விழுந்து இலைச் சருகு பற்றிக்கொள்ளாமல் இருக்கத்தான் இது, நாய்க்காக இல்லை என்றான். நான் கேட்கவே இல்லையே.

ஜூலை 1

எல்லாம் முடிந்து எழுதுகிறேன். தோள்பட்டை விட்டுப்போகிறது.

பொழுது சாய்வதற்கு முன்பே ஆரம்பித்தேன். மண்ணை நனைத்தேன், குழாயைத் திறந்தேன், துணி, மெத்தை, ஜன்னல். முதல் வெடி கேட்டபோது பார்லி குளியலறை வாசலில் இருந்தான். உடம்பு விறைத்தது. கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தலையைக் கீழே வைத்தான். நடுங்கினான், ஆனால் படுத்திருந்தான். நான் சுவரில் சாய்ந்து ஐரினிக்குப் பழம் ஊட்டினேன். இப்படியே போய்விடும் என்று நினைத்தேன்.

மழை நின்றது.

ஒரே நொடியில். தெருவின் அத்தனை சத்தமும் உள்ளே வந்தது. பார்லி எழுந்து சமையலறைப் பக்கம் திரும்பினான். அவன் கழுத்தில் கட்டியிருந்த வாரைப் பாய்ந்து பிடித்தேன். கதவைத் திறந்துகொண்டு அப்பா வருகிறார், கையில் மத்தாப்புக் கட்டு. பேத்திக்குக் காட்டக் கொண்டுவந்தாராம். "குழாயைத் திறந்து வெச்சிட்டு என்னம்மா பண்றே, தண்ணி பூரா வீணாப் போகுது. மூடிட்டு வந்தேன்."

என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. கத்தினேன். அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். திரும்பப் போய்க் குழாயைத் திறக்க நேரமில்லை. பார்லி இழுக்கிறான், கண்ணில் வெள்ளை தெரிகிறது, அதே ஜன்னல், அதே —

வாரை இடுப்பில் கட்டிக்கொண்டேன். ஜன்னல் கைப்பிடியைத் தள்ளிப் பட்டைகளைத் திறந்தேன். உடனே இழுத்து மூடினேன். படார். அடுத்த ஜன்னல். திற, மூடு. அடுத்த அறை. மூன்றாவது அறையில் இழுப்பு தளர்ந்தது. நாலாவதில் அவன் என் குதிகாலுக்கு வந்துவிட்டான். நாக்கு தொங்குகிறது, வால் அடிவயிற்றில், ஆனால் காது என் கையைப் பார்த்து நிற்கிறது. வேலை நடக்கிறதே.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நிறுத்தக்கூடாது என்று. அவன் படுத்தால் நிற்கலாம். எழுந்தால் மறுபடி முதல் அறை. எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து வந்தார்.

"நான் என்ன செய்யணும்?"

"அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறங்க."

"மூடணும்னுதானே ஓடிக்கிட்டு இருக்கே?"

"தொறந்தாத்தானேப்பா மூட முடியும்."

ஐரினியை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் போய்த் திறந்துகொண்டே போனார். நான் பின்னால் மூடிக்கொண்டே. எனக்குப் பின்னால் பார்லி. ஐரினிக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. வெளியே ஊரே வெடிக்கிறது, அவள் ஜன்னலைப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்பா தன் வெடிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பின் தெருவில் அவர் நண்பர்கள் அவரைக் கூப்பிடுவது எனக்கே கேட்டது.

பார்லி இப்போது தூங்குகிறான். ஒரு கண்ணாடி உடையவில்லை.

ஜூலை 2

கெல்வினுக்கு விடிய விடிய வேலை. வந்ததும் கதையைச் சொன்னேன், பெருமையாகத்தான். அவன் ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ப் பார்த்தான். ஒரு பட்டை ஆடுகிறது என்றான், திருகாணியை முறுக்கினான்.

"உடைக்கல. ஒத்துக்கறேன். ஆனா நீ இல்லாத நேரத்துல ஒருத்தன் மிச்ச வெடியைப் போட்டா? குழந்தை பக்கத்துல இருந்தா? அன்னிக்கு உறுமினதை நான் மறக்கல."

நான் மட்டும் மறந்தேனா? கோபம் வந்தது. ஆனால் அவன் கேட்டதைத்தான் நானும் ராத்திரி ராத்திரி கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் காப்பாற்ற நினைப்பது யாரை? குழந்தையையா, நாயையா, அல்லது இவளுக்கு முந்தி நானும் பார்லியும் மட்டும் இருந்த அந்தப் பழைய நாட்களையா?

ஜூலை 3

டூகல் போன் செய்தார். ஞாயிறு மதியத்துக்கு வருகிறாராம். சங்கிலி கொண்டுவருகிறாராம். கெல்வின் ம் ம் என்று கேட்டுக்கொண்டான்.

பார்லியைக் குளிப்பாட்டினேன். எதற்கு என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 4

காலையில் நான் மட்டும் சந்தைக்குப் போனேன். திரும்பி வரும்போது பின் தெருவில் டப் டப்பென்று கேட்டது, எவனோ பதுக்கி வைத்த மிச்சம். ஓடினேன். பப்பாளி பையிலிருந்து விழுந்தது, விட்டுவிட்டேன். குழந்தை உள்ளே, நாய் உள்ளே, கெல்வினுக்கு என்ன தெரியும்?

கீழே நின்று பார்த்தால் வீடு முழுக்க மூடிக் கிடந்தது. நடுப்பகல் வெயிலில், ஒரு பட்டை திறந்திருக்கவில்லை. கதவைத் திறந்தால் அடுப்புக்குள் நுழைகிற மாதிரி அனல். கெல்வின் கூடத்தில் நிற்கிறான், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு. தோளில் ஐரினி, கையில் கொடியிலிருந்து உருவிய ஈரத் துணிகள், குதிகாலில் பார்லி.

என்னைப் பார்த்து நிற்கவில்லை.

"கதவை மூடு முதல்ல. சமையலறை இன்னும் பாக்கி. இவன் அங்க கூட்டிக்கிட்டுப் போறான் பாரு, நான் விட்டது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் பையைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

ஜூலை 5

டூகல் வந்தார். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் செய்திருந்தேன், ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். வாசலில் அண்ணனும் தம்பியும் ரொம்ப நேரம் வண்டியில் சாய்ந்து நின்று பேசினார்கள். டூகல் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார், கெல்வின் சிரிக்கவில்லை. நாலு டயரையும் ஏற்றிக் கட்டிக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டார். சங்கிலியை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை.