தோளைத் தொட்ட கை

மேற்குத் தாம்பரம்,
15.7.1991

அன்புள்ள அப்பாவுக்கு மகளின் வணக்கம்.

மூச்சிரைப்பு குறைந்திருக்கிறதா? எனக்கு நெற்றியில் சின்னக் காயம், ஆறிக்கொண்டிருக்கிறது. பயப்படாதீர்கள்.

எல்லா மதத்தினரின் தெய்வீக அனுபவங்களையும் தொகுத்துக் கலைக்களஞ்சியம் போடத் திட்டமிடுகிறோம் என்று எழுதியிருந்தேனே, அதன் ஆசிரியர் குழுக் கூட்டத்தில் உங்கள் கதையை வாசித்தேன். தீப்பெட்டி ஆலைத் தீயில் நீங்கள் மூச்சடைத்து விழுந்தபோது ஒரு கை தோளைத் தொட்டு வெளியே நடத்தியதே, அது. சாமி பெயர் சொல்லாமல் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அப்போதுதான் சண்டை வராதாம்! நீங்களும் இதுவரை பெயர் சொன்னதில்லை.

"இது முருகன் கை, சந்தேகமே வேணாம்," என்றார் அரிகிருஷ்ணன் சார்.

"இன்னா சார் பேஜார் பண்றீங்க? இது எங்க தர்காவுல அடங்கியிருக்குற அவுலியா கை," என்றார் சௌகத் அலி சார்.

முருகன் பக்கம் நாற்காலியைத் தூக்கி அடித்தது. அவுலியா பக்கம் மூக்கில் குத்தியது. யாருடைய பல்லோ என் டைப்ரைட்டர் மேல் வந்து விழுந்தது. விலக்கப் போன எனக்குப் பேப்பர் வெயிட் பரிசு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போதும், வாயில் ரத்தத்தோடு இருவரும் கேட்கிறார்கள், "உங்கப்பா யாரைத்தான்மா பார்த்தாரு?"

அவர்களுக்குப் பதில் எழுதிப் போடுங்கள். எனக்கு நீங்கள் தோளில் போடும் பழைய துண்டு ஒன்று வேண்டும். நேரில் கொண்டுவந்தால் பெருங்களத்தூரில் இறங்குங்கள், நான் வந்து நிற்கிறேன்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் கண்ணை மறைத்தபோது நானும் காத்திருந்தேன் அப்பா. என் தோளை யாரும் தொடவில்லை.

தையல்நாயகி