தாணுவின் வண்டியில் தொங்கிய சைலன்சர்

என் தங்கையின் கைபிடித்து வந்து எனக்கும் தம்பியாகிப்போன தாணுவுக்கு,

நீ போய் ஓர் ஆண்டு நிறைந்துவிட்டது. இன்று திவசம். இலை எடுத்தாயிற்று, வந்தவர்கள் போயாயிற்று. தங்கை பகவதி பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். முற்றத்தில் உன் பழைய கறுப்பு வாடகைக் கார் நிற்கிறது. இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் நாலு பேர் படிக்கட்டும் என்று அச்சுக்கும் கொடுக்கப் போகிறேன்.

ஊரில் உன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் தெரியுமா? வடசேரிச் சந்தையில் வாழைக்காய் வாங்கிக்கொண்டு நின்றபோது என் காதிலேயே விழுந்தது. "தாணு பிசுக்குத்தனத்துலல்லா செத்தான். புது சைலன்சர் ஒண்ணு வாங்கிப் போட மனசு வராம, கயிறும் கம்பியுமாக் கெட்டிக் கெட்டி ஓட்டுனான். கடைசியில அதுவே ஆளைக் கொண்டுட்டுப் போச்சு." சொன்னவன் என்னிடம் படித்தவன். அப்போதே கூட்டல் கணக்கில் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு விடை எழுதுவான்.

பிசுக்குத்தனமா? உலக யுத்தம் முடிந்தும் உன் வண்டிக்குச் சைலன்சர் கிடைக்கவில்லை. திருவனந்தபுரத்தில் கையை விரித்தார்கள். திருநெல்வேலியில் அடுத்த மாதம் என்றார்கள். அந்த அடுத்த மாதம் நீ இருந்தவரை வரவில்லை.

கார் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், நீ பொறுத்துக்கொள். எஞ்சினின் புகையை வண்டிக்கு அடியிலேயே பின்னால் கொண்டுபோய் விடுவது ஒரு குழாய். அதன் இடையில் சத்தத்தை விழுங்கும் உருளைதான் சைலன்சர். இரண்டையும் தாங்கும் பட்டைகள் துருப்பிடித்து அறுந்தால் குழாய் தொங்கும், ரோட்டில் உரசும்.

முதலில் நீ கட்டியது தேங்காய்நார்க் கயிறு. நம் ஊர்க்காரன் எதற்கும் முதலில் எடுப்பது அதைத்தானே. தக்கலைக்குப் போகும் வழியில் குழாய் சூடேறிக் கயிறு புகைந்தது. பின்னால் இருந்தவர், "வண்டிக்குள்ள யாரு ஓய் பீடி குடிக்கது?" என்று கேட்டாராம். அதை நீ நடித்துக் காட்டும்போது பகவதி சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொள்வாள்.

பிறகு கம்பி. இறுக்கிக் கட்டினாய், குழாய் எஞ்சினோடு சேரும் கழுத்திலேயே விரிசல் விட்டது. எஞ்சின் ஆடும்போது குழாயும் கூட ஆடவேண்டும். தொட்டிலைக் கயிற்றில் தொங்கவிட்டால் ஆடும். உத்தரத்தோடு ஆணியடித்தால் எங்கே ஆடுவது? உதாரணம் நான் சொன்னதுதான். ஆனால் குழாயைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டை, அந்தப் பட்டையை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கப் பழைய டயரில் அறுத்த வார் என்று கண்டுபிடித்தது நீ. அந்த வார் மழை வெயில் எல்லாம் தாங்கியது.

குழாயில் விழுந்த ஓட்டைக்குப் பிஸ்கட் டின்னை வெட்டிச் சுற்றினாய். அதற்கடியில் புற்றுமண்ணைக் கருப்பட்டிப் பாகில் குழைத்து அப்பினாய். மறுநாள் காலையில் வந்து கூப்பிட்டாய்: "அத்தான், எறும்புக்குச் சத்திரம் கெட்டியிருக்கேன், வந்து பாரும்." பூச்சில் பாதி போயிருந்தது. அதற்குப்பின் அப்பிய உடனே எஞ்சினை ஓடவிட்டுச் சுட்டெடுக்கப் பழகினாய். இவ்வளவு பாடுபட்டவனையா பிசுக்கன் என்பது?

அந்த நாளுக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்து பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக உன் வண்டியைப் பிடித்தார் பெரியவீட்டுக்காரர், பெண்ணின் அப்பா. வேண்டாம் என்று நீ சொல்லியும் ஆளுக்கு மேல் ஆளை ஏற்றினார். சீர்ப் பாத்திரங்களையும் ஏற்றினார். வண்டி தாழ்ந்து, வாய்க்கால் மதகு மேட்டில் அடி இடித்து, வார் அறுந்தது. குழாயின் நுனி மண்ணில் குத்தி நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னது அந்தக் கல்யாணப் பெண். உன் பதினாறாம் நாள் கழிந்து தனியாக வந்தாள்.

"அண்ணாச்சி, பேச்சிப்பாறை அணைத் தண்ணி தொறந்து கரையெல்லாம் ஊறிக் கெடக்கு. இங்க ஜாக்கி நிக்காது," என்றாயாம் பெரியவீட்டுக்காரரிடம். "எல்லாரும் எறங்கி அந்தக் கல்பாலம் வரைக்கும் தள்ளித் தாருங்க. அங்க வச்சுக் கெட்டிருவேன்."

"சரிகை வேட்டியோட சேத்துல நின்னு தள்ளதுக்கா ஓய் உம்ம வண்டியைப் பிடிச்சேன்? ராகுகாலம் வருது. இங்கனயே கெட்டும்."

"அப்பம் வண்டிக்குள்ள இருக்க பொம்பளையளையாவது எறங்கச் சொல்லுங்க. பாரம் கொறையும்லா."

"புதுப்பொண்ணு புகுந்த வீட்டுப் படியிலதான் கால் வைக்கணும். நடுவழியில எறக்கதுக்கு அவ என்ன மீன்கூடையா?"

"நான் எறங்குகேன்னு சொன்னேன் மாமா," என்றாள் அந்தப் பெண் என்னிடம். "சித்தி கையைப் பிடிச்சு அமுக்கிட்டா. அவ்வோ வண்டிக்கு அடியில போனாவ. நான் மேல இருந்தேன்."

ஈர மண்ணில் ஜாக்கி சரிந்து வண்டி உன்மேல் இறங்கியது. களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் வயலிலிருந்து ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்கள். கல்யாண வீட்டார் பின்னால் வந்த வில்வண்டியில் ஏறி, ராகுகாலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். வண்டி மாறும்போது பெண்ணின் கால் தரையில் பட்டது. அதற்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தாணு, ஒன்று கேட்கிறேன். நான் எது சொன்னாலும் "முடியாது அத்தான்" என்று முகத்துக்கு நேரே சொல்லும் உனக்கு, அந்த மனிதரிடம் அந்த ஒரு வார்த்தை ஏன் வரவில்லை? அவர் சரிகைக்கு அவ்வளவு பளபளப்பா? உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

அவர்தான் முதலில் 'பிசுக்கன்' என்று ஆரம்பித்துவைத்தது. தன் பெயர் வராமலிருக்க அது போதுமாயிருந்தது. நாகர்கோவில்காரர்கள் இப்போது உன் வண்டியில் ஏறுவதில்லை. கடியப்பட்டணத்து மரியான்தான் ஓட்டுகிறான். கடற்கரைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கூப்பிடுகிறார்கள். அதில்தான் பகவதியின் அடுப்பு எரிகிறது. வண்டியில் மீன் வாடை போகவே மாட்டேன் என்கிறது. அவள் அதைப் பற்றி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

போன வாரம் பெரியவீட்டிலிருந்து ஆள் வந்தது. இளைய மகளுக்குக் கல்யாணமாம். பெரிய முகூர்த்த நாள், ஊரில் ஒரு வண்டியும் மிச்சமில்லையாம். நமக்கும் அந்த வாடகை தேவைதான். நான் வாயைத் திறப்பதற்குள் பகவதி முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

"வண்டி வரும். ஆனா வழியில நின்னா எல்லாரும் எறங்கித் தள்ளணும், பொண்ணும் எறங்கணும். சம்மதம்னா ஒங்க மொதலாளி இங்க வந்து நின்னு, நாலு பேரு கேக்க அதைச் சொல்லட்டும்."

"அவ்வோ எப்பிடிம்மா இங்க…"

"அப்பம் நடந்து போவச் சொல்லு."

அவர் வரவில்லை. வருவார் என்று நானும் நினைக்கவில்லை. நேற்று மூத்தவள், அன்றைய கல்யாணப் பெண், சொல்லியனுப்பினாள்: "நான் சொன்னேன்னே எழுதுங்க மாமா. வாறது வரட்டும்." அப்படியே எழுதிவிட்டேன். அப்பன் வீட்டு வாசல் இனி அவளுக்கு அடைபடலாம். அப்படியானால் நம் வாசல் திறந்திருக்கிறது என்று பகவதி பதில் அனுப்பியிருக்கிறாள்.

என் வாக்கு இது. உன்னைப் பிசுக்கன் என்று எவன் சொன்னாலும் அவனை உட்காரவைத்து, ஈர மண்ணையும் ஏற்றிய பாரத்தையும் இறங்காத வேட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பேன். புரியாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவேன். வாழ்நாளெல்லாம் மந்தப் பையன்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்கு அவசரமே இல்லை.

கோபம் ஆறாத,
உன் அத்தான்