மூன்றாம் கோபுரத்தின் விரிசல்

ஜூன் 4

நாள் முழுக்கக் கடையில் எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்டு நாக்கு வறண்டதுதான் மிச்சம். கண் பரிசோதிக்கிறவன் பிழைப்பு இப்படித்தான். வந்ததும் மாடியறைக்கு ஏறிவிட்டேன். 'ஏழு கோபுர நகரம்' காமிக்ஸை மறுபடி முதல் இதழிலிருந்து படிக்கிறேன்.

பறக்கிற வீரர்களை யார் வேண்டுமானாலும் வரையலாம். அவர்கள் உடைக்கும் ஜன்னலுக்கு யார் பதில் சொல்வது என்று யோசித்தவர்கள் இதை வரைந்தவர்கள்தான். ஓர் இதழில் ஆற்றுப் பாலம் இடிகிறது. அதற்குப் பிறகு வந்த எல்லா இதழிலும் டிராம் சுற்றித்தான் போகிறது, ஆட்கள் வேலைக்குத் தாமதமாகத்தான் வருகிறார்கள். ஜன்னல் கண்ணாடி மாட்டுகிறவன் கடை மட்டும் வருடா வருடம் பெரிதாகிறது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஜூன் 9

மழை பிடித்துக்கொண்டது. மாடியறையின் வெளிச்சுவரில் ஈரம். காகிதத்துக்கு ஈரம்தான் எமன். காமிக்ஸ் பெட்டி எல்லாவற்றையும் அறையின் நடுவுக்கு இழுத்து அடுக்கிவிட்டேன். கதவுப் பக்கம் முதல் இதழ், அங்கிருந்து எண் வரிசை. நேர் கீழே அம்மாவின் அறை.

"மேல என்னடா, யானையக் கட்டி இழுக்குறியா?"

"நகரத்த நகத்துறேம்மா."

ஜூன் 15

டப்பா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறான். பள்ளியில் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டே திரிந்தவன். இந்தப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்ததும் அவன்தான். தன்னிடமிருந்த பெட்டி அத்தனையையும் கொண்டுவந்து ஏற்றிவிட்டு மூச்சு வாங்கினான்.

"டேய், இவ்ளோ வெயிட்டு தாங்குமா?"

"என் முதுகா?"

"வீடுடா."

சிரித்தோம்.

ஜூன் 22

மூன்றாம் கோபுரம் விழும் இதழ் வரை வந்துவிட்டேன். முன்பு படித்தபோது திடீரென்று விழுந்ததாகத்தான் நினைத்தேன். இல்லை. பல வருடங்களாக வீரர்களின் அங்கிக்குப் பின்னால் ஒரு மயிரிழை விரிசல் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. சண்டையைப் பார்த்தோம், சுவரைப் பார்க்கவில்லை.

அதைவிடக் கொடுமை அந்தப் பெண்மணி. கோபுரத்து ஜன்னலிலிருந்து எதிர்க் கட்டடத்துக்குக் கொடி கட்டி இதழுக்கு இதழ் துணி காயப்போடுவாள். பெயர்கூடக் கிடையாது. கோபுரம் விழுந்த பிறகு எதிர்க் கட்டடத்திலிருந்து அறுந்த கயிறு மட்டும் தொங்குகிறது. அத்தனை இதழிலும் அதை விடாமல் வரைந்திருக்கிறார்கள். என்ன மனுஷர்கள்!

ஜூன் 27

மாடியறைக் கதவு சாத்த வரவில்லை. மழைக்கு மரம் ஊதியிருக்கும். தச்சரை வரவழைத்து அடியில் இழைக்கச் சொன்னேன்.

அம்மா, போர்வையில் வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடக்கிறது என்றாள். பழைய சுண்ணாம்பு, மழை விட்டதும் வெள்ளையடித்துவிடலாம் என்றேன். "ஊர்ல இருக்குறவன் கண்ணெல்லாம் பாக்குற, என் மோட்டுவளைய ஒரு தடவ பாக்க மாட்டியா" என்று கேட்டாள். பார்க்கலாம்மா என்றேன்.

ஜூலை 3

கோபுரம் விழுவதற்கு முந்தைய இதழ்களைத் தேடிப் பார்த்தேன். விரிசலுக்கும் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள்! காவலாளியின் கதவு சாத்த மறுக்கிறது. தச்சர் வந்து அடியை இழைக்கிறார். ஒரு குழந்தையின் பந்து எப்போதும் தரையின் நடுவுக்கே உருண்டு போகிறது.

கையிலிருந்த பென்சிலைத் தரையில் வைத்தேன். சும்மாதான். விளையாட்டுக்கு.

உருண்டது. பெட்டிகளைப் பார்த்து.

கீழே ஓடினேன். அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே, மூலையிலிருந்து மின்விசிறி வரை கோடு. எப்போதிலிருந்து? "போன மழையிலேயே சொன்னேனேடா. நீ 'ம்'னுட்டு பக்கத்தத் திருப்பின."

கொத்தனார் உடனே வந்தார். "நடுவுல இருக்குறத மொதல்ல எறக்குங்க சார். கீழ் ரூமுக்குள்ள யாரும் போக வேணாம். நாளைக்கு சாயங்காலம் ஆளோட வந்து முட்டு குடுக்குறேன்." அம்மா இன்று கூடத்தில் படுக்கிறாள்.

ஜூலை 4

விடிந்ததிலிருந்து இறக்குகிறேன். கதவுப் பக்கமிருந்துதான், எண் வரிசைப்படி. வரிசை கலைந்தால் மறுபடி சேர்ப்பதற்குள் தலை நரைத்துவிடும். நடுவில் இருப்பவையும் மதியத்துக்குள் வந்துவிடும்.

வாசலில் அடுக்கியிருக்கிறேன். சாரல் அடிக்க ஆரம்பித்துவிட்டது. மூடுவதற்கு அம்மாவிடம் ஏதாவது கேட்க வேண்டும்.

ஜூலை 11

அம்மா இல்லை.

ஜூலை 19

நான்தான் கேட்டேன். "அம்மா, நனையுது, ஒரு போர்வை கொண்டாம்மா." மாடியிலிருந்து கத்தினேன். போர்வை எல்லாம் அவள் அறை அலமாரியில்தான் இருக்கும். எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் வாயில் அதுதானே வந்தது... நான் படியில் இருந்தேன். பெட்டியோடு. அறை இறங்கிப்போன சத்தம் கேட்டும் பெட்டியைக் கீழே போடாமல் மெதுவாக வைத்துவிட்டுத்தான் ஓடினேன். ஏன்டா வச்ச? போட்டுட்டு ஓடியிருந்தா?

நடுப்பெட்டிகளை நான் இறக்கவே இல்லை. கடைசிவரை.

காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "புக்கு நனையலையே?"

ஆகஸ்ட் 2

கடைக்குப் போனேன். ஒரு பெரியம்மாவிடம் "இது தெரியுதா" என்று கேட்டுவிட்டுப் பலகையைத் திருப்பி வைத்துவிட்டேன். முதலாளி வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 10

மிச்சமிருந்த சுவரையும் கொத்தனார் இடித்து அள்ளிவிட்டார். அம்மாவின் துணிக்கொடி அவள் அறை ஜன்னல் கம்பியில்தான் கட்டியிருந்தது. இப்போது மதில் பக்கத்து ஆணியிலிருந்து கயிறு தொங்குகிறது. அவிழ்க்கட்டுமா சார் என்றார். வேண்டாம் என்றேன்.

சட்டைகளைத் துவைத்து வாளியில் வைத்திருக்கிறேன். எங்கே காயப்போடுவது என்று தெரியவில்லை.