என் பெயரை ஏன் எடுக்கச் சொன்னீர்கள்?

என்னங்க,

ஓட்டப்போட்டி நடத்துகிறவர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு, "அவளுக்குக் கண்ணு தெரியாது, பேரை எடுத்துருங்க" என்றீர்களாமே. கண் தெரியாதது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பெயர் கொடுத்தபோதே சொல்லிவிட்டேன்.

இதை நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. குறுக்கே பேச நீங்கள் இல்லாதது வசதிதான்.

தோட்டத்து மேல் லயத்து வீட்டு பிரேமலாவும் நானும் ஒரு கயிற்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு தேயிலை மலைச் சாலையில் தினமும் ஓடுகிறோம். "மேடு வருதுலா, லோரி வருது, ஓரமா வா" என்று கத்திக்கொண்டே வருவாள். விழுந்திருக்கிறேன், முட்டி உரிந்திருக்கிறது. மறுநாளும் ஓடினேன்.

கோயில் உறுமி மேளத்திலும் சேர்ந்துவிட்டேன். தைப்பூசத்துக்கு நான் கட்டிய தாளத்தைத்தான் எல்லோரும் வாசித்தார்கள். வீடியோ அனுப்பினேன். "அடுப்புப் பக்கம் போகாதே" என்று பதில் போட்டீர்கள்.

கண் போனபிறகு வந்த தீபாவளிக்கு உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. பொங்கலுக்கும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

என் பெயரை மறுபடி கொடுத்துவிட்டேன். ஆனால் நேற்று பிரேமலாவுக்குக் கால் சுளுக்கிவிட்டது. கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லை.

"உன் வீட்டுக்காரரைக் கூப்பிடேன்" என்கிறாள்.

"அவரு பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டாருலா" என்றேன்.

ஞாயிறு காலை ஓட்டம். சனிக்கிழமையே வந்துவிடுங்கள், காலுக்கு ஓடுகிற சப்பாத்து எடுத்து வாருங்கள். மேட்டில் மூச்சு வாங்கினால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நான் மெதுவாக ஓடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவிதான்